நான்காவது எடை மெஷின்

பாகலூரைத் தாண்டி, கர்நாடக எல்லையோரக் கிராமம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினோரு வருடமாக ஒரே டாக்டர், ஜெயப்ரியா. ஆட்சி மாறினால் சுவரில் திட்டத்தின் பெயர் மாறும். வாசலில் நிற்கும் வரிசை மட்டும் மாறாது.

மேலிடத்துக்கு மனு எழுதிக் கை ஓய்ந்தபின் அவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். தடுப்பூசி வைக்க ஃபிரிட்ஜ் வேண்டுமா? ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் முனிராஜிடம், "எதிர்க்கட்சிக்காரங்க தர்றதா சொல்லியிருக்காங்க" என்பார். மறுவாரமே தலைவர் படம் ஒட்டிய ஃபிரிட்ஜ் வந்து இறங்கும். அதைப் பார்த்துவிட்டு எதிர்க்கட்சியும் ஒன்றை இறக்கும். அந்த இரண்டாவது ஃபிரிட்ஜில் இப்போது ஊழியர்களின் மோர் குளிர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த முறை, பிரசவம் பார்க்க இரண்டு நர்ஸ் வேண்டியிருந்ததால் முனிராஜிடம் அதே பொய்யைச் சொன்னார். வந்ததோ நான்காவது எடை மெஷின். முனிராஜே கொண்டுவந்து வைத்தார்.

"நர்ஸ் எங்கங்க?" என்று எரிந்து விழுந்தார் டாக்டர்.

முனிராஜ் தலையைச் சொறிந்தார். "மெஷின்னா தலைவர் படம் ஒட்டலாங்க மேடம். நர்ஸ் மேல எங்க ஒட்டறது?"

ஜெயப்ரியா எடை மெஷினிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்து, தன் வெள்ளைக் கோட்டில் நெஞ்சுக்கு நேரே ஒட்டிக்கொண்டார்.

"நல்லா ஒட்டுது, பாருங்க. இனி ஆளை அனுப்புங்க."