சிவப்பு ஓரம், பச்சை ஓரம்

கண் நன்றாக இருக்கிறது என்று சொன்ன அந்தக் கண் டாக்டர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அவர் பொய் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். தலையை அங்கும் இங்கும் ஆட்டி எல்லாவற்றையும் படித்துவிட்டேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாலும் சரி, இடப்பக்கத்து அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் சரி, எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பெயர்தான்: கவனக்குறைவு.

தொண்ணூறுகளின் கடைசி. தலைக்குள் ரத்தம் கட்டி, திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து, கொல்லயில் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இரண்டு கண்ணிலும் இடது பாதி போய்விட்டிருந்தது. இருட்டாகத் தெரியும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. அந்தப் பக்கம் ஒன்றுமே இருக்காது. முதுகுக்குப் பின்னால் இருப்பது உங்களுக்கு இருட்டாகவா தெரிகிறது? அதுபோலத்தான். இல்லாத ஒன்றை இல்லை என்று கண்டுபிடிக்கவே எனக்குச் சில நாள் ஆயிற்று.

தலையைப் பார்த்த டாக்டர் மட்டும் ஒளிக்காமல் சொன்னார். கண் காண்கிறது, உள்ளே மூளையில் அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான். இனி அது திரும்பி வரும் என்று காத்திருக்க வேண்டாம், தலையைத் திருப்பிப் பார்த்துப் பழகு என்றார். வீட்டுக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாபாரத்துக்கு ரப்பர் ஷீட் எடுக்க அம்பூரிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு வைத்தியரிடமிருந்து இளநீர்க்குழம்பு என்ற கண் மருந்தை வாங்கிக்கொண்டு வந்தார். கண்ணில் ஒரு சொட்டு விட்டால் உச்சந்தலைவரை எரியும். பச்சை மிளகாயை அரைத்து அப்பியதுபோல எரிந்து, கண்ணீர் ஆறாக ஓடி, பிறகு உலகம் துடைத்து வைத்ததுபோலத் தெளிவாகத் தெரியும். வலது பாதி மட்டும். அவர் அன்போடுதான் வாங்கிவந்தார். அதனால்தான் ஒரு குப்பி முழுவதும் பொறுத்துக்கொண்டேன்.

நான் வேலை பார்த்தது நெய்யாற்றின்கரையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இருந்த ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸில். ஏழெட்டு மெஷின், ஒரு ஏசி, அதைவிட அதிகமாகச் சத்தம் போடும் ஒரு சார். அவர்தான் முதலாளி. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கு ஆண்டு குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம் அது. பழைய ப்ரோகிராம்களில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம் வைத்திருந்தார்கள். அதைத் தேடித் தேடி நாலாக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வரிகள் படிக்க வேண்டும். படிப்பதில் நான் கெட்டிக்காரி. தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், ஆபீஸில் கடினமான ப்ரோகிராம் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும்.

ஆஸ்பத்திரி என்னிடமிருந்து பாதி உலகத்தை எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில் எனக்கென்று இருந்தது அந்த நாற்காலிதான். அதனால் திரும்பிப் போனபோது ஆபீஸில் யாரிடமும் கண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொன்னால் ‘அய்யோ பாவம்’ என்பார்கள். ‘பாவம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அப்போது இளநீர்க்குழம்பைவிட அதிகமாக எரியும்.

திரும்பிப் போன உடனே மாட்டிக்கொண்டேன். நாங்கள் திருத்திய ப்ரோகிராம்களில் ஒரு வழக்கம் உண்டு. வரியின் இடது ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் அந்த வரியைக் கம்ப்யூட்டர் படிக்காது. வரி அங்கேயே கிடக்கும், ஆனால் செத்த வரி. குறி ஓரத்தில் தனியாக நிற்கும், எழுத்து கொஞ்சம் தள்ளி உள்ளே தொடங்கும். என் கண் எழுத்து தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடும். அதற்கும் இடப்பக்கம் ஓர் ஓரம் உண்டு என்பதே அதற்குத் தெரியாது. ஆக, யாரோ எப்போதோ சாகடித்துப் போட்ட ஒரு பகுதி முழுவதையும் நான் உட்கார்ந்து அழகாகத் திருத்தி வைத்திருக்கிறேன். உயிரோடு இருந்த பகுதியைத் தொடவே இல்லை. பிணத்துக்குச் சீவிச் சிங்காரித்த கதைதான்.

திருத்தக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் சோதித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். சார் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி வந்தால் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். வீட்டில் சொன்னேன். போன் எடுக்கத்தான் என்றால் அங்கே போகவே வேண்டாம், வீட்டிலேயே இரு என்றார் வீட்டுக்காரர். இரண்டு பேரும் பேசி வைத்ததுபோல என் நாற்காலியின் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

வழி கிடைத்தது எடிட்டரிலிருந்துதான். ப்ரோகிராமைத் திறந்து படிக்கவும் திருத்தவும் நாங்கள் வைத்திருந்த மென்பொருள் அது. ஸ்கிரீனை இரண்டு ஜன்னலாகப் பிரித்து, இடது ஜன்னலில் பழையதையும் வலது ஜன்னலில் புதியதையும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் இடது ஓரத்தில் மெல்லிசாக ஒரு மார்ஜின் இருக்கும். பிழை வந்து ப்ரோகிராம் நின்றால், நின்ற வரிக்கு நேராக அந்த மார்ஜினில் சிவப்பாக ஓர் அம்பு விழும். ஒருநாள் கவனித்தேன், அம்பு இருக்கும் வரியை மட்டும் நான் ஒருபோதும் தவறவிடுவதில்லை. கண் இடப்பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது, சிவப்பைப் பார்த்த பிறகுதான் நிற்கிறது. அப்படியானால் எல்லா வரிக்கும் சிவப்பு இருந்தால் என்ன?

எடிட்டருக்கு ஒரு செட்டிங் ஃபைல் உண்டு. அதுவரை அதை நான் தொட்டதில்லை, யாரும் தொட்டதில்லை. உதவிப் பக்கங்களைத் துருவி, மார்ஜினின் அகலத்தையும் நிறத்தையும் மாற்றலாம் என்று கண்டுபிடித்தேன். ஒரு எழுத்து அகலத்தை நாலு எழுத்தாக்கி, மேலிருந்து கீழ்வரை சிவப்பை ஊற்றினேன். எனக்கு நானே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன்: சிவப்பைப் பார்க்காமல் எந்த வரியையும் தொடங்கக் கூடாது.

முதலில் இரண்டு ஜன்னலுக்கும் சிவப்பு வைத்தது முட்டாள்தனம். இடது ஜன்னலைத் தேடிப் போகிற கண், நடுவில் வலது ஜன்னலின் சிவப்பைக் கண்டதும் அதோடு உலகம் முடிந்தது என்று நின்றுவிடும். பழையதைப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு புதியதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். தலையில் அடித்துக்கொண்டு வலது ஜன்னலைப் பச்சையாக்கினேன். பச்சை என்றால் இன்னும் போக வேண்டியது உண்டு, சிவப்பு என்றால் கரை வந்தாயிற்று. அதன்பிறகு என் வேலையில் ஒரு பிழைகூடத் திரும்பி வரவில்லை. வேகம் குறைந்தது, ஆனால் வரிகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. அந்த வாரம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே போனேன்.

ஆபீஸில் கேலிக்குக் கேட்கவா வேண்டும்? கேரளத்தில் சிவப்பு என்றால் கட்சிதானே. தோழருக்கு அங்கே சகாவு என்று பெயர். சகாவு வந்தாச்சு, இன்குலாப் எப்போது என்று கேட்பார்கள். பக்கத்திலேயே எதிரணி லீக்கின் பச்சையும் இருப்பதால் நான் எந்த முன்னணி என்று அவர்களுக்குக் குழப்பம். வாக்கு ரகசியமானது என்று சொல்லிச் சமாளித்தேன். சாருக்கு மட்டும் அது பிடிக்கவே இல்லை. மெஷின் என்றால் மெஷின் மாதிரி இருக்க வேண்டும், திருவிழாக் கொட்டகை மாதிரி இருக்கக் கூடாது என்று போகும்போதும் வரும்போதும் முணுமுணுப்பார்.

வேலை கொடுத்த கம்பெனியிலிருந்து இரண்டு பேர் நேரில் பார்க்க வருவதாக ஒருநாள் தகவல் வந்தது. எல்லா ஸ்கிரீனும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று சார் முந்தின நாள் நான் கிளம்பிய பிறகு சொல்லியிருக்கிறார். தனுவச்சபுரத்தில் படித்து முடித்து எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், எல்லா மெஷினிலும் ஒரே செட்டிங் ஃபைலைப் போட்டுவிட்டாள். காலையில் நான் வந்து மெஷினைத் திறந்தால் மார்ஜின் முடியிழைபோல மெலிந்து, நிறமில்லாமல் கிடக்கிறது. என்ன ஏது என்று கேட்பதற்குள் வந்தவர்கள் இருவரும் சாரோடு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். ஒரு கிளையின் மாதக் கணக்கு மட்டும் தப்பாக வருகிறது, எங்கே பிழை என்று இப்போதே பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள்.

படிக்கத் தொடங்கினேன். வரிகள் தலையில்லாமல் நின்றன. ஒன்று முடிந்து அடுத்ததற்கு வருவதற்குள் கண் எங்கெங்கோ இறங்கியது. இது பழையதா புதியதா, உயிருள்ள வரியா செத்த வரியா, ஒன்றும் பிடிபடவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கொஞ்சம் சமாளித்தேன். வியர்வை காதுக்குப் பின்னால் இறங்கியது. சார் ஒருமுறை செருமினார். அந்தச் செருமலின் அர்த்தம் எனக்குத் தெரியும். முன்னறையில் போன் இருந்த மேஜை என் கண்முன் வந்து நின்றது.

அப்போது எனக்கு வந்தது பயமில்லை, கோபம். யார்மேல் என்று கேட்டால் தெரியாது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னேன்.

“எனக்கு இடது பக்கம் காணாது சார். ரெண்டு கண்ணுக்கும் காணாது. அந்தச் செவப்பு இருந்தாத்தான் வரி தொடங்குத எடம் எனக்குத் தெரியும். ஒரு அஞ்சு மினிட்டு தாருங்க, அதைத் திரும்ப வச்சிட்டுப் படிக்கேன்.”

வந்தவர்களில் ஒருவர் மலையாளத்தில், மெதுவாகச் செய்தால் போதும் என்றார். செட்டிங் ஃபைலைத் திறந்து, விட்டுப்போன வரிகளை மனப்பாடமாக அடித்தேன். இடது ஜன்னலில் சிவப்பு விழுந்தது, வலதில் பச்சை. பிறகு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பிழை கிடைத்தது. பெரிய பிழை ஒன்றுமில்லை, அந்த ஆபீஸில் யார் உட்கார்ந்திருந்தாலும் அரைமணியில் கண்டுபிடித்திருப்பார்கள். நானும் அரைமணியில் கண்டுபிடித்தேன். எனக்கு அது போதும்.

அவர்கள் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு சார் என்னை உள்ளே கூப்பிட்டார். கைப்பையை எடுத்துக்கொண்டேதான் போனேன்.

“எப்பம் முதல் இப்படி?” என்றார்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதல் என்றேன். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னால் போன் எடுக்க வைப்பீர்கள் என்றேன்.

“வச்சிருப்பேன்தான்” என்றார். “அது உள்ளதாக்கும்.”

உண்மையை அப்படியே ஒத்துக்கொண்ட அந்த மனிதர்மேல் எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது அப்போதுதான். பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டை எப்படிக் கடக்கிறாய் என்று அடுத்ததாகக் கேட்டார். இத்தனை மாதத்தில் வீட்டிலும் வெளியிலும் ஒருவரும் கேட்காத கேள்வி. தலையைத் திருப்பித் திருப்பித்தான் சார் என்று சொல்லி, கழுத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் மேஜையில் எதையோ நகர்த்தினார்.

“எல்லா மெஷினிலயும் அந்தச் செவப்பையும் பச்சையையும் போடு பிள்ளே. நாளைக்கு ஒனக்க மெஷின் கேடு வந்தா வேற ஒண்ணுல இருந்து வேலை நடக்கணும். மத்தவங்களுக்குப் பிடிக்காட்டா பழகிக்கிடட்டு.”

கைப்பையை என் நாற்காலியில் மாட்டிவிட்டு மெஷின் மெஷினாகப் போனேன். யாரும் கேலி பேசவில்லை. எழுந்து நின்று இடம் விட்டார்கள். சிலர் மிகவும் தள்ளி நின்றதில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது, ஒட்டிக்கொள்ளும் நோயா இது? கடைசியாக அந்தத் தனுவச்சபுரத்துப் பெண்ணின் மெஷின். அவள் எழுந்திருக்கவில்லை. முகம் வீங்கியிருந்தது. செட்டிங் ஃபைலைத் துடைத்ததற்காக அழுகிறாள் என்று நினைத்து, அது சார் சொன்ன வேலைதானே, உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

“அதில்ல அக்கா. நான் தெனமும் காலத்த நீங்க வந்து இருந்ததும் ஒங்களப் பாத்துச் சிரிப்பேன். நீங்க ஒருநாளும் திரும்பிச் சிரிச்சதில்ல. பெரிய கெட்டிக்காரி, என்னையெல்லாம் எதுக்குப் பாக்கணும்னு நெனச்சேன். பின்ன நானும் நிறுத்திட்டேன்.”

எங்கே இருந்து சிரிப்பாய் என்று கேட்டேன். இங்கே இருந்துதான் என்று தன் நாற்காலியைத் தொட்டுக் காட்டினாள். என் மேஜைக்கு ஒட்டியே, இடப்பக்கம்.