கோயில் பூவும் நைலோன் நூலும்

சறோஜாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று இத்தாலியின் பலேர்மோ நகரத் தமிழர் சொல்வார்கள். இருக்காதா பின்னே? வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் காலமெல்லாம் படி கழுவுகிறவள். அத்தனை வீட்டுச் சமையல் கழிவும் ஒரே பையில் நாறிக் கிடப்பதைப் பார்த்து வயிறெரிந்து, முற்றத்து மூலையில் மரப்பெட்டி வைத்துக் கூட்டெருப் பசளை போடத் தொடங்கினாள். வீட்டுக்காரர்கள் அரைமனதோடுதான் சம்மதித்தார்கள். கோடை முடிந்து அவர்கள் கூடும்போது பசளை சுத்தமாக இருந்தால் பெட்டி இருக்கும், இல்லாவிட்டால் போகும்.

பக்கத்துத் தமிழ்க் கோயிலில் சாமிக்குப் போட்ட பூ தெருக் குப்பைத்தொட்டியில் கிடப்பதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. நூலைக் கழற்றிவிட்டுப் பூவை மட்டும் பெட்டியில் போடுங்கள் என்று கோயில் தலைவர் பேரின்பநாயகத்திடம் படித்துப் படித்துச் சொன்னாள். முற்றத்துச் சாவியையும் கொடுத்துவிட்டு, மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ஜெனோவாவுக்குக் கப்பலேறினாள்.

திரும்பி வந்து மண்வெட்டியைப் போட்டால், போட்டது வெளியே வரவில்லை. பசளை முழுவதும் நைலோன் நூலும் சரிகைத் தாளும் சிக்கிக் கிடந்தன. திருவிழா மாலைகளை அப்படியே கொட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர் கூட்டமோ வருகிற ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சனம் பிரசாதத்துக்கு நிற்கிற நேரம், பசளைச் சாக்குகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கோயில் வாசலில் விரிப்புப் போட்டுக் கொட்டினாள். சாமி கழுத்தில் ஏறிய மாலையை வெட்டிப் பிரிப்பது குற்றம் என்று பேரின்பநாயகம் நியாயம் சொன்னார்.

“சாமியின்ரை கழுத்திலை நைலோனைக் கட்டேக்கை குற்றம் தெரியேல்லையோ? இருந்து பொறுக்குங்கோ, ஐயா.”

வேட்டியை மடித்துக்கொண்டு அவர் குந்தினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குந்தினார்கள். சறோஜா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதவ மனம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டி அகப்பட்டது, தேரன்று பெரிய மாலையில் தொங்கியது. மண்ணைத் துடைக்கத் தங்க எழுத்துத் தெரிந்தது: உபயம், பேரின்பநாயகம் குடும்பம். அதை மெல்ல மடியில் செருகப் பார்த்தார். சறோஜா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

“பூவெல்லாம் உக்கி மண்ணாப் போச்சு, ஐயா. உங்கடை பேர் மட்டும்தான் உக்கேல்லை.”

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மாடி வீட்டுக்காரச் சினியோரா பசளையை அள்ளி விரலிடையில் உதிர்த்துப் பார்த்தாள். ஒரு நூல் இல்லை. பெட்டி தப்பியது, சறோஜாவின் கோபம் ஆறவில்லை. அந்தப் பட்டியை முற்றத்துச் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறாள். பூப் போடச் சாவி கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவாள்.