ஆலோசனைக் குழு முன்னால் ஒரு கிண்ணம் காவா

வளைகுடாவில் நான் வேலை பார்க்கும் ராணுவப் பயிற்சிக் கல்லூரிக்கு ஓர் ஆலோசனைக் குழு உண்டு. ஓய்வுபெற்ற அதிகாரிகள், படித்த பெரியவர்கள். அவர்கள் கூடும் நாளில் மாணவர்களின் பெற்றோரும் வெளியாட்களும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். கான்ட்ராக்ட் கம்பெனி மூலம் எனக்கு அங்கே காவா, அதாவது அரபுக் காப்பி, ஊற்றும் டியூட்டி. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அரபியில் யல்லா, கலாஸ், மாஃபிக்கு மேல் ஓடாது. நாலு பேர் பார்த்தாலே கூச்சம் வந்துவிடும். காவா ஊற்றுகிறவனை யாரும் பார்ப்பதில்லை, அதனாலேயே அந்த டியூட்டி எனக்குப் பிடிக்கும்.

அன்று பின்வரிசையில் ஒரு முதியவர் வந்து உட்கார்ந்தார். எங்கள் சூப்பர்வைசர் மலையாளி, அரபி நன்றாகப் பேசுவார். முதியவரோடு வாசலில் பேசிவிட்டு வந்து என்னிடம் சொன்னார். பயிற்சியில் விழுந்து மகனுக்கு முழங்கால் போய்விட்டதாம். வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். கால் ஆறும்வரை பையனின் இடத்தை வைத்திருங்கள் என்று கேட்க வந்திருக்கிறாராம்.

நான் ஊற்றிய காவாவை முதியவர் வாயில் வைக்கவில்லை. பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் பேசினார். குழுவில் ஒருவர் மாற்றி ஒருவர் பதில் சொன்னார்கள். கிண்ணம் அப்படியே இருந்தது. விருந்தாளி முன்னால் ஆறிய காவா நிற்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். எடுத்தேன். வேறு கிண்ணத்தில் சூடாக ஊற்றி நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. பேச்சு நின்றுவிட்டது. எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். மேசையில் வைப்பதா, திருப்பி எடுத்துப் போவதா தெரியாமல் நீட்டியபடி நின்றேன். குழுத் தலைவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சுருக்கமாக ஏதோ சொன்னார். முதியவர் சற்று யோசித்துவிட்டுக் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார்.

உள்ளே வந்ததும் சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, அவர் வேணும்னுதான் குடிக்காம வெச்சாரு. கேட்டதுக்குச் சரின்னு சொன்னாத்தான் குடிக்கிறது இவங்க வழக்கம். அதைப் போய் எடுத்துட்டீரே.”

“அப்புறம் குடிச்சாரே சேட்டா. சரின்னுட்டாங்களா?”

“‘குடிங்க, பார்க்கிறோம்’னார் தலைவர்.”

“பார்க்கிறோம்னா?”

“பார்க்கிறோம்னா பார்க்கிறோம்தான்” என்றார். அவருக்கும் தெரியவில்லை.

நான் நீட்டிய கையைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் முதியவர் குடித்தாரா? நான் எடுக்காமல் இருந்திருந்தால் தலைவர் வாயிலிருந்து சரி என்ற வார்த்தை வந்திருக்குமா? இல்லை, நான் போய் நின்றதால்தான் அந்தப் பதிலாவது கிடைத்ததா? எப்படி யோசித்தாலும் குழப்பம்தான்.

இப்போது சாயங்காலங்களில் பையன்கள் மைதானத்தில் வரிசையாக நடக்கும்போது ஜன்னல் வழியே பார்க்கிறேன். ஒருவனும் நொண்டவில்லை. கால் ஆறி அவனும் சேர்ந்து நடக்கிறானோ, வீட்டில் இருக்கிறானோ. முகம் தெரியாத பையனை அத்தனை பேரில் எப்படித் தேடுவது?