இரவல் உடுப்பில் செட்டிபாளையம்

வெள்ளிக்கிழமை காலை மட்டக்களப்பில் ரயிலை விட்டு இறங்கியபோது எங்கள் இருவருக்கும் ஒரே பைதான். சென்னையில் நிறுத்தபோது ஆறு கிலோ எண்ணூறு கிராம். ஆளுக்கு இரண்டு மாற்றுடை. தினமும் துவைத்து உலர்த்திக்கொள்வது திட்டம். மார்கழி இந்தக் கரையில் மழைக்காலம் என்பதை நானும் மனைவி நித்யாவும் யோசிக்கவில்லை.

கல்முனை பஸ்ஸில் தெற்கே சுமார் இருபது கிலோமீட்டர் போனால் செட்டிபாளையம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அறை வாடகைக்கு விட்டிருந்த பூமணி அம்மா எங்கள் பையைப் பார்த்ததும் சிரித்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரு பையா? வீட்டுக்குச் சொல்லாம ஓடி வந்தனீங்களா?"

"கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சும்மா."

"அப்ப இன்னும் ஓடி முடியல்ல போல."

சனி மாலை நான்கு மணி. இரண்டு நாள் மழையில் கொடியில் இருந்தது, உடுத்தியிருந்தது எல்லாம் ஈரம். நித்யாவுக்குக் குளிர் எடுத்துவிட்டது. பூமணி அம்மா பெட்டியிலிருந்து இடுப்பில் கட்ட ஒரு சாரம், நீலச் சட்டை, மஞ்சள் பூப்போட்ட கவுன் மூன்றையும் எடுத்து வந்தார். பூச்சி உருண்டை வாசனை.

"மகன் சுதன்ட, மருமகள்ட. சுனாமியில போனவங்க. பயமெண்டா வேணாம் புள்ள."

உடல்கள் கிடைக்கவில்லை. அதனால் கணவர் கணபதிப்பிள்ளை இன்றுவரை கிரியை செய்ய விடவில்லையாம். "வருவாங்க எண்டுதான் அவர் சொல்ற. ஒரு பிடி சோறு வச்சு அனுப்பாம நான் கண்ண மூடினா, பிறகு ஆர் செய்ற? வலை பாக்கப் போனவர் ஆறரைக்குத்தான் வருவார். அதுக்குள்ள உங்கட உடுப்புக்கு மாத்திருங்க."

உடைகள் இருவருக்கும் அளவெடுத்துத் தைத்தவை போலப் பொருந்தின.

ஐந்தேகாலுக்கு மழை விட்டது. வாவிக் கரைக்கு முந்நூறு அடிதான், பார்த்துவிட்டு வரலாம் என்று நடந்தோம். வேலிக்கு அப்பால் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண் எழுந்து நின்றார். நான் வணங்கியபோதும் அவர் கண் நித்யாவின் கவுனிலேயே இருந்தது. காலையில் எங்களைக் குரைத்துத் துரத்திய நாய் சத்தமில்லாமல் பின்னால் வந்தது.

காற்றில்லை. வாவி ஈயத் தகடாகக் கிடந்தது. தூரத்தில் ஒரு தோணி, அதில் கோல் ஊன்றியபடி ஒருவர். எங்களைக் கண்டதும் கோல் நின்றது. தோணி தானாகச் சிறிது தூரம் நகர்ந்து அதுவும் நின்றது.

"சுதன்!"

பிழை செய்துவிட்டோம் என்று எனக்குப் புரிந்த அதே நொடியில் பக்கத்தில் நித்யாவின் கை உயர்ந்தது. இரண்டு முறை அசைந்து இறங்கியது.

கணபதிப்பிள்ளை முழங்கால் நீரில் இறங்கித் தோணியை இழுத்துக்கொண்டு வந்தார். ஆறடி தூரத்தில் நின்று எங்கள் முகங்களைப் பார்த்தார். "மழை வரப்போகுது, வீட்ட போங்க" என்றார். பிறகு குனிந்து தோணியைக் கரையில் கட்டத் தொடங்கினார்.

ஞாயிறு காலை ஏழு மணி. அரைகுறையாகக் காய்ந்த எங்கள் உடைகளுக்கு மாறி, அந்த மூன்றையும் மடித்துக் கொடுத்தோம். கணபதிப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நித்யாவைப் பார்த்தார்.

"மருமகளும் இடக்கையாலதான் காட்டுவாள். நீ இடக்கையா புள்ள?"

நித்யா வலக்கைக்காரி. நேற்று வலக்கையில் செருப்பைப் பிடித்திருந்தாள். நான் அதைச் சொல்ல வாயெடுக்கும் முன் அவர் கேட்டார்: "ஒண்டு மட்டும் சொல்லு. வாங்க எண்டு கூப்பிட்டியா, போறம் எண்டு விடை சொன்னியா?"

பூமணி அம்மா அடுப்படி நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"விடை சொன்னேன், ஐயா" என்றாள் நித்யா.

அவர் நீலச் சட்டையின் கழுத்துப்பட்டியை ஒருமுறை தடவினார். "பூமணி, ஐயரிட்ட நாள் கேளு."

ஏழே முக்கால் பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. களுதாவளையா, களுவாஞ்சிகுடியா, ஏதோ ஒரு ஊர் கடந்தபின், நல்ல பதில் சொன்னாய் என்றேன்.

நித்யா ஜன்னலிலிருந்து திரும்பினாள். "அவர் கேட்டதும் ஏதோ சொல்லணுமேன்னு சொன்னேன். நான் கையைத் தூக்கினேனா என்ன?"