நாட்டுக்கு வந்த வாரிசு வேலை

துறைமுகத்தில் எனக்குக் கிடைத்தது வாரிசு வேலை. பணியில் இருக்கும்போதே அப்பா போய்ச் சேர்ந்தார். வீட்டில் ஒருவருக்கு வேலை என்றார்கள். முறைப்படி அண்ணனுக்குத்தான் போயிருக்க வேண்டும். அவன், "எனக்குத்தான் ஆட்டோ கீதே, பாப்பா படிச்சிகீறா, அவளுக்கே குடுங்க" என்று சொல்லி, ஆட்சேபணை இல்லை என்கிற தாளில் கையெழுத்துப் போட்டான். அம்மாவும் போட்டாள். இராயபுரத்தில் பல வீட்டில் நடக்கிற கதைதான் இது. அந்த ஒரு கையெழுத்தால் இன்றைக்கும் முகம் பார்த்துக்கொள்ளாத அண்ணன் தம்பிகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அதனால்தான் ஒரு வெளிநாட்டு மாலுமி சொன்னதை அண்ணன் வேறு மாதிரி புரிந்துகொண்டான்.

வேலை முடிந்ததும் மாதா கோயிலை ஒட்டிய மாலுமிகள் ஓய்வறைக்கு ஒத்தாசையாகப் போவேன். வருகிறவர்களுக்கு சிம் கார்டு வாங்கித் தருவது, மருந்துக் கடை காட்டுவது, அவ்வளவுதான். எண்ணூரில் நிற்கும் கப்பல்களிலிருந்து அண்ணன் ஆட்டோவில் அவர்களை அழைத்து வருவான். போன வருஷம் அப்படி வந்தவர் ஒரு எஞ்சின் மெக்கானிக். ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு. என்னைப் போலவே நாற்பதைத் தாண்டியவர். மனைவியிடம் ஃபோனில் பேசி முடித்துவிட்டு, ஊரில் தேர்தல் வருகிறது என்றார்.

"நான் பிறப்பதற்கு முன்பே அதிபர் நாற்காலியில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே செத்தார். பிறகு மகன் வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, இப்போது பேரன் நிற்கிறான்."

ஆங்கிலம் புரியாத அண்ணனுக்கு இதைச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, வாரிசு வேலையா! பெரியவரு சர்வீஸ்லயே பூட்டாரு, அப்ப சரிதான்." கொஞ்சம் யோசித்தான். "மத்தவங்கல்லாம் ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போட்டாங்களாமா? கேளு."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் என் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. இருந்தாலும் எங்கள் வழக்கத்தை விளக்கிவிட்டு, கேட்டும் வைத்தேன். அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லை," என்றார். "எங்களில் யாரிடமும் கேட்கவில்லை."

"ஒரு நாடு முச்சூடுமா?" என்றான் அண்ணன்.

ஒரு குமாஸ்தா நாற்காலிக்கு நான் தாலுகா ஆபீஸ் படியை எத்தனை தடவை ஏறி இறங்கினேன்! ஒரு நாட்டையே கைமாற்ற ஒரு தாள்கூட வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு மகன் பதவிக்கு வந்தபோது வயது போதாது என்று சட்டம் சொன்னதாம், சட்டத்தைத் திருத்திக்கொண்டார்களாம். நம்மூரில் வாரிசுகளே இல்லையா என்று கேட்காதீர்கள், நானும் இந்த ஊர்க்காரிதான். ஆனால் இங்கே அவர்களைத் திட்டிக்கொண்டே டீ குடிக்கலாம். அங்கே டீக்கடையில்கூட அதிபரின் பெயரை மெதுவாகத்தான் சொல்வார்களாம். இத்தனை கடல் தாண்டி எங்கள் ஓய்வறையில் உட்கார்ந்து சொல்லும்போதும் அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

ஓட்டுப் போட அவர் ஊருக்குப் போக வேண்டும். கப்பலோடு ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. மாற்று ஆள் வந்தால் அனுப்புவதாக கேப்டன் சொல்லியிருந்தார். ஆனால் பாதியில் இறங்கினவனைக் கம்பெனி மறுபடி கூப்பிடாது.

எனக்குக் கோபம்தான் வந்தது. "ஜெயிக்கப்போவது யார் என்று தெரியும்தானே?"

"தெரியும். பேரன்தான்."

"அப்புறம் எதற்கு?"

"என் அப்பாவிடம் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் ஒரு தடவை நான் 'மாட்டேன்' என்று சொல்லிவிட வேண்டும்."

போன தேர்தலில் வெயில் என்று சொல்லி வீட்டிலேயே படுத்திருந்தவள் நான். வாக்குச்சாவடி இரண்டு தெரு தள்ளி இருந்தது. வெட்கமாக இருந்தது, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாற்று ஆள் வந்து சேர்ந்தார். புறப்படும் நாளில் ஏஜென்ட் அனுப்புவதாகச் சொன்ன கார் வரவில்லை. நானும் அண்ணனும் ஆட்டோவில் எண்ணூருக்கு ஓடினோம். அவரை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது கன்டெய்னர் லாரிகள் சாலை முழுக்க அசையாமல் நின்றிருந்தன. அவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் பையை இறுக்கிப் பிடிப்பதுமாக இருந்தார். "இன்னா மாமு பேஜாராவுற, நான் கீறேன்ல" என்று தமிழிலேயே தைரியம் சொல்லிவிட்டு, அண்ணன் திருவொற்றியூர் சந்துகளுக்குள் வண்டியை விட்டான். எந்த வீட்டுத் திண்ணையையும் இடிக்காமல் எப்படி வெளியே வந்தோம் என்று எனக்கு இன்னும் தெரியாது. விமான நிலைய வாசலில் அவர் அண்ணனைக் கட்டிக்கொண்டார்.

தேர்தல் முடிந்த மறுநாள் காலை அவருடைய குரல் பதிவு வந்தது. அண்ணனும் பக்கத்தில் இருந்தான். நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன்.

வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர் என்று பெயரை அடித்துவிட்டார்களாம்.

"அடப்பாவிங்களா! வேலையும் பூட்ச்சே!" என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பதிவு இன்னும் முடியவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னார்களாம், இவர் போகவில்லை. வரிசையிலிருந்து விலகி, சுவரோரமாகத் தனியாக நின்றிருக்கிறார். சற்று நேரத்தில், பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண் வந்து இவருக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். யாரும் கத்தவில்லையாம், யாரும் யாரையும் கூப்பிடவும் இல்லையாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழவே இல்லை.

"சாவடியை மூடும்போது திரும்பிப் பார்த்தேன்," என்றார். "பெயர் இருந்தவர்களின் வரிசையைவிட எங்கள் வரிசை நீளமாக இருந்தது."