ஆந்தை அத்தையின் சாம்பல் அட்டை

சூரியனுக்கு வேலை போய்விட்டால் அந்த நாற்காலியில் உட்கார என் அத்தையைத் தவிர உலகத்தில் ஆள் கிடையாது. இருட்டில் நிற்கும் முந்நூறு வருடக் கட்டடத்தைப் பார்த்து, 'நீ உண்மையில் என்ன நிறம்?' என்று கேட்டு, அதன் வாயாலேயே பதிலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஒருமுறை நிலாவே எங்கள் மாடிக்கு இறங்கி வந்து, 'கொஞ்சம் மஞ்சளடிக்கிறது, சரி செய்து கொடு' என்று கேட்டதாகவும், அத்தை 'வரிசையில் நில்' என்று சொல்லிவிட்டதாகவும் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் பாதியை யாரும் நம்புவதில்லை. இரண்டாம் பாதியை அத்தையைத் தெரிந்த எல்லோரும் நம்புகிறார்கள்.

அவள் என் அப்பாவுக்கு அக்கா. ஐம்பத்திரண்டு வயது. எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், மூன்று கேமராக்களுடன் இருக்கிறாள். பகலில் தூங்கி ராத்திரியில் வெளியே கிளம்புவதால் ஆந்தை என்று பெயர் வைத்தேன். முதல் மாதம் அதற்காக அடித்தாள். இரண்டாம் மாதம் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.

சின்ன வயதில் ஒரு ஸ்டூடியோவில் மணப்பெண்களின் பருக்களை அழிக்கிற வேலை பார்த்திருக்கிறாள். பதினொரு வருடம். ஒருநாள் முதலாளியிடம் போய், "எனக்கு இனிமே மூஞ்சி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். "கல்யாணப் பொண்ணு கரெக்டா கண்ணை மூடிடும்டி. கட்டடம் மூடாது. 'இன்னொரு தடவை எடுங்க, குண்டா இருக்கேன்'னும் சொல்லாது" என்பாள்.

பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் அலுவலகம் ஒன்று அவளுக்கு நாற்பது கட்டடங்களைக் கொடுத்திருந்தது. அவற்றைப் பகலில் பார்க்கவே முடியாது. முன்னால் லாரி நிற்கும், கடைத் தார்ப்பாய் தொங்கும், மாடியில் யாராவது போர்வை காயப் போட்டிருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தெரு கட்டடத்தை விட்டுக்கொடுக்கும். கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, முப்பது வினாடி திறந்து வைப்பாள். அந்த முப்பது வினாடியில் நடந்து போகிறவன் படத்தில் இருக்க மாட்டான். உட்கார்ந்திருக்கும் நாய் இருக்கும். ஒருமுறை நான் பின்னாலேயே போய், போர்வையைப் போர்த்திக்கொண்டு பாதி நேரம் வாசலில் நின்றுவிட்டு ஓடிவிட்டேன். படத்தில் என் வயிற்றுக்குள் கதவின் ஆணிகள் தெரிந்தன. அத்தை அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அம்மாவிடம் கொடுத்து, "உன் பொண்ணு பாதி போயிட்டா, மீதி எப்ப போகும்னு கேட்டுச் சொல்லு" என்றாள். அந்தப் படம் இன்னும் மாடியறைச் சுவரில்தான் இருக்கிறது.

படம் எடுப்பது பாதி வேலைதான். தெருவிளக்கு சுவரில் மஞ்சளைக் கொட்டியிருக்கும், மாடிப்படி டியூப்லைட் பச்சையைப் பூசியிருக்கும், எதிர் வங்கியின் பலகை நீலத்தை எறிந்திருக்கும். இதையெல்லாம் சுரண்டி எடுத்தால்தான் கட்டடம் தெரியும். அதற்கு அத்தையிடம் ஒரு சாம்பல் அட்டை உண்டு, ஒரு தபால் கார்டு அளவு. ஒவ்வொரு விளக்கின் கீழும் அதைச் சுவரோரம் வைத்து ஒரு படம் எடுப்பாள். கம்ப்யூட்டரில் அந்த அட்டைமேல் சொடுக்கி 'இதுதான் சாம்பல்' என்று சொல்லிவிட்டால், விளக்கு பூசிய நிறத்தைக் கம்ப்யூட்டரே கழித்துவிடும். மற்றவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். அத்தை நிறுத்த மாட்டாள். "அட்டைக்குக் கல்லுன்னா என்னன்னு தெரியுமா? சுண்ணாம்புன்னா தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, மிச்சத்தைக் கண்ணாலேயே சரி செய்வாள். அதில்தான் அவளுக்கு அத்தனை கர்வமும். நியாயமான கர்வம். அவள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கொத்தனார்கள் பூச்சுக்கு நிறம் கலப்பார்கள். படத்தில் நிறம் தப்பினால் சுவரிலும் தப்பிவிடும், பிறகு அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

என்னைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம். இப்போது போட்டோ பிரிண்ட் போடும் கடையில் கவுண்ட்டரில் இருக்கிறேன். உள்ளே பிரிண்ட் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் மெஷின் மாமா. அத்தையின் படங்கள் எங்கள் கடையில்தான் பிரிண்ட் ஆகி, நேராக அலுவலகத்துக்குப் போகும்.

நாலு மாதத்துக்கு முன் ஒருநாள் மெஷின் மாமா ஒரு பிரிண்டைத் தூக்கிக் காட்டினார்.

"என்னம்மா, உங்க அத்தை பில்டிங்கை ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்தாங்களா?"

பழைய தானியக் கிடங்கு அது. தேன் நிறக் கல். படத்தில் விறைத்துப்போய் நீலமாக நின்றது. நான் சிரித்துவிட்டு உறையில் போட்டேன். அத்தை தப்பு செய்வாள் என்று யார் கண்டது? அந்த வாரம் அதோடு சேர்த்து மூன்று படங்களை அலுவலகம் திருப்பி அனுப்பியது.

அன்று சாயங்காலம் அவள் என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். மூன்று பிரிண்டும் கட்டில்மேல் கிடந்தன.

"நீலமா இருக்காமே?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா? 'ஐஸ் கட்டில கட்டடம் கட்டியிருக்கீங்களா'ன்னு அந்த ஆபீசர் கேக்கறான். எனக்குச் சரியாத்தானே தெரியுது." பிரிண்டை ஜன்னலோரம் கொண்டுபோனாள், திரும்பவும் விளக்கடியில் கொண்டுவந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஏய், நீதானே? மானிட்டர்ல கை வச்சியா?"

நான் கை வைக்கவில்லை. என் பதினேழு வருடத்தில் நான் செய்யாத ஒரே குறும்பு அதுதான். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. துவைத்த துண்டெல்லாம் மஞ்சளாக இருக்கிறது என்று அவள் அம்மாவோடு சண்டை போட்டது. பால் கெட்டுவிட்டது என்று கொட்டியது. அந்தப் பாலை நானும் குடித்திருந்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உலகம் அவளுக்கு மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அந்த மஞ்சளைச் சுரண்டுவதாக நினைத்து அவள் கட்டடங்களுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தாள்.

அத்தை பதிலுக்குக் காத்திருந்தாள். பிரிண்டைக் கட்டில்மேல் வைத்தாள், உடனே திரும்ப எடுத்துக்கொண்டாள். அவள் பயந்து நான் பார்த்ததில்லை. சுடுகாட்டு மதிலோரம் தனியாக நின்று படம் எடுக்கிறவள்.

"ஆமா" என்றேன். "சும்மா ஒரு தமாசுக்கு."

பளாரென்று ஒன்று விட்டாள். காது இரண்டு நாள் பாடியது. ஆனால் அடித்த கையோடு கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. "சனியனே, நான் என்னவோ ஏதோன்னு…" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். அன்று ராத்திரி என் தட்டில் அவளே சாப்பாடு போட்டாள். இரண்டு முட்டை.

அதற்குப் பிறகு என்ன செய்ய முடியும்? அலுவலகத்தின் விதிப்படி அத்தை ஒவ்வொரு கட்டடத்துக்கும் திருத்திய படம், திருத்தாத படம், அட்டைப் படம் மூன்றையும் பென் டிரைவில் போட்டுத்தான் தருவாள். நான் கடையில் அவள் திருத்தியதை ஓரமாக வைத்துவிட்டு, திருத்தாததை எடுத்து அட்டையை வைத்துச் சரி செய்வேன். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாகச் சொடுக்க வேண்டாம், ஒரே பட்டனில் எல்லாம் ஏறும்படி மெஷின் மாமா ஒரு வழி பண்ணிக் கொடுத்தார். அத்தையின் கை அதில் இருக்காது. ஆனால் நீலமும் இருக்காது. இருபத்தாறு கட்டடம் அப்படிப் போனது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஒருமுறை மட்டும் அலுவலகத்தில் தன் பிரிண்டைப் பார்த்துவிட்டு வந்து, "மஞ்சளடிக்குதேடி" என்றாள். "கடையில பேப்பர் மாத்திட்டாங்க அத்தை" என்றேன். நம்பினாள். பொய்க்கு மேல் பொய் வைப்பது செங்கல் அடுக்குவது மாதிரிதான், முதல் வரிசை நேராக இருந்தால் போதும்.

இடையில் அவளை டாக்டரிடம் அனுப்ப முயற்சி செய்யாமல் இல்லை. "கண்ணாடி போட்டா வயசு கம்மியாத் தெரியும்" என்றேன். "எனக்கெதுக்கு? படம்தான் நல்லா வருதே" என்றாள். நன்றாக வரவைத்துக்கொண்டிருந்தது நான்தானே. ராத்திரிகளில் கொஞ்சம் காற்று வாங்க மொட்டை மாடியில் போய் நிற்பேன்.

நாற்பதாவது கட்டடம் பழைய நீதிமன்றம். அதற்குத்தான் முதலில் பூச்சு வேலை தொடங்கப் போகிறார்கள் என்று அலுவலகம் சொல்லியிருந்தது. அதை எடுக்கப் போன அன்று அத்தை நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்தாள். "அலமாரிக் கதவு" என்றாள். ராத்திரி மூன்று மணிக்குத் தெருவில் எந்த அலமாரி திறந்திருந்தது என்று நான் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து, விளக்கு சரியில்லை என்று சொல்லி மறுபடி போய் எடுத்து வந்தாள். பென் டிரைவைக் கொடுக்கும்போது, "இதை ஆபீசுக்கு அனுப்பாதே. வீட்டுக்குக் கொண்டு வா, நான் பாக்கணும்" என்றாள்.

அன்று மெஷின் மாமா பல் பிடுங்கப் போயிருந்தார். கவுண்ட்டரில் பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பதினொரு பேர். நான் பட்டனை அழுத்தினேன், பிரிண்ட் தலைகுப்புற விழுந்தது, அப்படியே எடுத்து உறையில் போட்டுவிட்டேன். இருபத்தாறு முறை செய்த வேலையை யார் திருப்பிப் பார்ப்பார்கள்?

அத்தை மேசை விளக்கைப் போட்டு, படத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். வெளிறிய சுண்ணாம்பு நிற நீதிமன்றம். அது பொம்மைக் கடை பொம்மை மாதிரி ரோஸ் நிறத்தில் நின்றுகொண்டிருந்தது. தூண், வளைவு, படிக்கட்டு, எல்லாம் ரோஸ்.

"இது என்ன கலர்?"

"ரோஸ்… மெஷின் மாமாக்குப் பல்லு வலின்னு…"

"மெஷினைக் கேக்கல. எனக்கும் ரோஸாத்தான் தெரியுது. அந்த மட்டும் மிச்சம் இருக்கு."

பையிலிருந்து சாம்பல் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன்மேல் வெளிர்பச்சைக் காகிதம் ஒன்று, ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தது. அட்டை பச்சையாக இருந்தால், அதைச் சாம்பல் என்று நம்பித் திருத்துகிறவளுக்குப் பச்சை முழுவதும் கழிந்து எல்லாமே ரோஸாகத்தான் வரும்.

"இந்தப் பச்சையை ஒட்டித்தான் இந்தத் தடவை அட்டைப் படம் எடுத்தேன். திருத்தறப்ப நான் அதைத் தொடவே இல்ல. முழுக்கக் கண்ணாலதான் பண்ணேன். அப்போ டாக்டர் சொன்னபடி இது நீலமா இல்ல வந்திருக்கணும்? ரோஸா வரணும்னா, நடுவுல ஒருத்தி உக்காந்து அட்டையை நம்பியிருக்கணும்."

"டாக்டரா?"

"அன்னைக்கு நீதிமன்றப் படியில இடது பக்கம் தூண் இருந்ததே தெரியல. நெத்தியில வாங்கிக்கிட்டேன். மறுநாளே போனேன்." அட்டையிலிருந்த பச்சைக் காகிதத்தின் ஓரத்தை நகத்தால் உரித்தாள். "ரெண்டு கண்ணுலயும் லென்ஸ் மஞ்சளாயிடுச்சாம். அதை மாத்திடலாமாம். ஆனா உள்ள அழுத்தம் ஏறி, இடது கண்ணுல பாதி நரம்பு செத்துப்போச்சாம். அது போனது போனதுதானாம். 'கலர் மாறினப்பவே வந்திருக்கக் கூடாதாம்மா, இந்த நாலு மாசத்துலதான் நிறையப் போயிருக்கும்'னார். நான் அவர்கிட்ட சண்டை போட்டேன். 'கலரெல்லாம் மாறல டாக்டர், என் தம்பி பொண்ணு மானிட்டர்ல விளையாடினா, அவளே ஒத்துக்கிட்டா'ன்னு."

கீழே அம்மா குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"இப்ப சொல்லு. அன்னைக்கு மானிட்டர்ல கை வச்சியா?"



"இல்ல."

அத்தை தலையாட்டினாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். ரோஸ் நீதிமன்றத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டாள். "நாளைக்கு ஆபீசுக்கு நானே போய்ச் சொல்லிடறேன். நீதிமன்றத்தை வேற ஆளு எடுக்கட்டும். அந்த இருபத்தாறையும் யார் திருத்தினதுன்னும் சொல்லணும்."

"அது நல்லாத்தானே அத்தை வந்திருக்கு?"

"நல்லாத்தான் வந்திருக்கு. நான் பண்ணலையே."

எழுந்து மேசை விளக்கை அணைத்தாள். அவள் கட்டிலில் உட்காருவது மட்டும் கேட்டது. நான் கதவருகே நின்றேன்.

"மூக்கை உறிஞ்சாதே" என்றது இருட்டு.

"ஜலதோஷம்."

"நாலு மாசமா மொட்டை மாடியில நின்னு உறிஞ்சறியே, அதுவும் ஜலதோஷமா? கண்ணுதான்டி போச்சு. காது நல்லாத்தான் இருக்கு."