டி-ஷர்ட் கையும் பைக் கிரிப்பும்

வெள்ளை டி-ஷர்ட்டின் கை ஒன்று, உள்ளே ஆள் இல்லாமலே எழுந்து நின்றது.

வீரபாண்டியில் இருக்கும் எங்கள் யூனிட்டில், செக்கிங் டேபிளில் நடந்தது இது. பேச்சியம்மாள் அக்கா ஏர் கன்னின் முனையை டி-ஷர்ட்டின் கைக்குள் நுழைத்து விசையை அழுத்தினார். உள்ளே ஒட்டியிருக்கும் பிசிறு நூலை ஊதித் தள்ளுவதற்காக. கம்ப்ரஷர் காற்று ஆயிற்றே... துணி உப்பி, டேபிளை விட்டு எழும்பி, காற்றைத் துப்பிவிட்டுத் தொப்பென்று விழுந்தது.

தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்றைக்கு என் மண்டைக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பைக் கிரிப். ஹேண்டில் பாரின் இரண்டு முனையிலும் மாட்டியிருக்கும் ரப்பர் உறை. அதுவும் ஒரு சட்டைக் கை மாதிரிதானே? உள்ளே காற்றை விட்டால் உப்பாதா? உப்பினால் கழன்று வராதா?

கிரிப்பை எதற்குக் கழற்ற வேண்டும் என்கிறீர்களா? அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மெர்ச்சண்டைசர் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் நம் ஊர் தையல் மெஷினுக்கும் நடுவில் ஓடுகிற பிழைப்பு. டவுன் ஆபீசில் இருந்தவளை சமீபத்தில் வீரபாண்டிக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் மாறி பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். கம்பெனி வேன் உண்டு. ஆனால் ஷிப்மெண்ட் நேரத்தில் அது எப்போது கிளம்பும் என்று டிரைவருக்கே தெரியாது. "இந்த வேலையே வேண்டாங் கண்ணு, டவுன்லயே வேற பாத்துக்கலாம்" என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

எனக்கோ இந்த வேலை பிடித்திருக்கிறது. வீட்டில் ஒரு பைக்கும் சும்மா நிற்கிறது. அப்பா ஸ்கூட்டர் வாங்கிய பிறகு ஓரங்கட்டிய பழைய நூறு சிசி வண்டி. கல்லூரியில் படிக்கும்போதே பைக் ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டேன். பிறகென்ன?

பிறகு என்னவென்றால், அப்பா. உள் ரோடு வழியாக யூனிட்டுக்கு ஓட்டிப் போகலாம் என்று அனுமதி கொடுத்தார். ஆனால் அவர் ஸ்கூட்டரில் பின்னாலேயே காவல் வருவார். முதலமைச்சருக்குக் கூட அத்தனை பாதுகாப்பு இருக்குமா தெரியாது. தினமும் இப்படி நடக்குமா? அவருக்கும் வேலை இருக்கிறது அல்லவா?

இதற்கிடையில் வெள்ளகோவில் மாமா தன் பையனுக்காக அந்த வண்டியைக் கேட்டிருந்தார். ஞாயிறு மதியம் வந்து பார்த்து எடுத்துப்போவதாகப் பேச்சு. நான் மூக்கைச் சிந்தியதும் அப்பா ஒரு டெஸ்ட் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம காத்தால நான் பொறத்தால உக்காந்துக்கறேன். மெயின் ரோட்டுல பல்லடம் வரைக்கும் போயிட்டு வரலாம். எனக்குப் பயம் வராம ஓட்டிட்டீன்னா வண்டி உனக்கு. வந்துச்சுன்னா மாமனுக்கு."

சரி என்றேன். ஆனால் அந்த கிரிப்போடு டெஸ்டுக்குப் போக முடியாது. வெயிலிலும் வியர்வையிலும் ரப்பர் இளகிப் பிசுபிசுவென்று ஒட்டும். முந்தின தடவை ஓட்டிப் போனபோது கையைக் கழுவியும் சரியாகப் போகாமல், பையருக்கு அனுப்ப வேண்டிய வெள்ளை சாம்பிளில் என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்துவிட்டது. கைரேகையோடு சாம்பிள் அனுப்பிய மெர்ச்சண்டைசர் என்று பெயர் வாங்க வேண்டுமா?

சனிக்கிழமை, அப்பாவின் காவலோடு வண்டியை யூனிட்டுக்குக் கொண்டுபோனேன். புது கிரிப் ஒரு ஜோடி என் தோள்பையில் இருந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் வண்டியை செக்கிங் ஹால் வாசலுக்கு உருட்டி வந்தேன்.

பேச்சியம்மாள் அக்காவுக்குச் சங்கரன்கோவில் பக்கம். பேச்சில் ஊர் அப்படியே இருக்கும். "ஏ பிள்ள, சட்டைக்கு ஊதுறத வண்டிக்கு ஊதப் போறியாக்கும்? வெடிச்சு மூஞ்சில அடிச்சிரப் போவுது."

"வெடிக்காதுக்கா. நீங்க கிரிப்போட முனையில இருக்கற இந்த ஓட்டைய மட்டும் கட்டைவிரலால அடைச்சுக்குங்க."

லைன் சூப்பர்வைசர் சாதிக் பாய் டிபன் பாக்ஸோடு வந்து நின்றார். "ஏம்மா, ஒரு பிளேடை எடுத்துக் கிழிச்சா முடிஞ்சுது. இதுக்குப் போயி கம்ப்ரஷரா?"

"உள்ள இருக்கற ஆக்ஸிலேட்டர் குழாய் பிளாஸ்டிக்குங்க பாய். பிளேடு அதையும் கீறிரும்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கும் இந்தப் பொண்ணு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அவரும் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார்.

ரப்பரின் உள்பக்க விளிம்பை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தூக்கினேன். அந்த இடுக்கில் ஏர் கன் முனையைச் செருகி, விசையை அழுத்தினேன். ரப்பர் பாம்பு இரை விழுங்கிய மாதிரி உப்பியது. திருகிக்கொண்டே இழுத்தால்... வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. முழுசாக, கீறல் இல்லாமல். இடது பக்கமும் அதேபோல. பாய் சாப்பாட்டை மறந்துவிட்டார்.

கழற்றுவது முடிந்தது. மாட்டுவது?

புது கிரிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இறுக்கமாக இருக்க வேண்டும் என்று கொஞ்சம் சின்னதாகத்தான் செய்வார்கள். அப்போதும் ஏர் கன்னையே எடுத்திருக்கலாம். காற்றை உள்ளே விட்டுக்கொண்டே தள்ளினால் போயிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. கழற்றுகிற யோசனை வந்த சந்தோஷத்தில், மாட்டுகிற யோசனைக்கு மண்டையில் இடம் இல்லை போலிருக்கிறது. சோப்புத் தண்ணீர் போடலாம் என்றார் பாய். ஆனால் நன்றாகக் காயும்வரை வண்டியைத் தொடக் கூடாதாம். விடிந்தால் டெஸ்ட். காய வைக்க ஏது நேரம்?

அப்போது என் கண்ணில் பட்டது சிலிகான் ஸ்ப்ரே.

பனியன் கம்பெனிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஊசி சூடாகி நூல் அறுந்தால் எங்கள் டெய்லர்கள் நூல்மேல் சிலிகான் அடிப்பார்கள். நூல் வழுக்கிக்கொண்டு ஓடும். மெஷின் மேல் துணி நகராவிட்டாலும் சிலிகான். கதவு கிறீச்சிட்டால் அதற்கும் சிலிகான். எங்களுக்குத் தலைவலி வந்தால் மட்டும்தான் இன்னும் அடித்துப் பார்க்கவில்லை.

குழாய்மேல் ஒரு ஸ்ப்ரே, ரப்பருக்குள் ஒரு ஸ்ப்ரே. சொடக்குப் போடும் நேரத்தில் கிரிப் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டு பக்கமும். சாயங்காலம் உள் ரோட்டில் மெதுவாக வீடு திரும்பியபோதும் ஒழுங்காகவே இருந்தது. இடது கிரிப் மட்டும் கொஞ்சம் வெளியே நகர்ந்த மாதிரி தெரிந்தது. கையால் தள்ளினேன், போய்விட்டது. புதுசு அல்லவா, செட் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, பின்னால் இருக்கும் கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"போலாமுங்களாப்பா?"

"போ சாமி. மெதுவாப் போ."

டவுனைத் தாண்டினோம். சிக்னலைத் தாண்டினோம். லாரி, வேன், மாட்டு வண்டி எல்லாவற்றையும் அதனதன் மரியாதையோடு கடந்தோம். பல்லடம் ரோட்டில் பஸ்கள் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. பயம் இல்லை என்றுதானே அர்த்தம்? பாதி டெஸ்ட் பாஸ் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

வீரபாண்டி பிரிவைத் தாண்டியதும் ஒரு மேடு வந்தது.

ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். வண்டி ஏறவில்லை. இன்னும் திருகினேன். இன்ஜின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

"ஏங் கண்ணு, இழுக்க மாட்டேங்குது? கியரக் கொறை."

"கொறைச்சாச்சுங்கப்பா."

குனிந்து ஒரு நொடி பார்த்தேன். என் கை திரும்புகிறது. கைக்குள் கிரிப்பும் திரும்புகிறது. உள்ளே இருக்கும் குழாய் மட்டும் அசையாமல் அப்படியே இருக்கிறது. கிரிப்புக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்லை.

பின்னால் ஏர் ஹாரன். கண்ணாடி முழுக்க ஒரு பஸ்ஸின் முகம்.

பிரேக்கை அழுத்திவிடத்தான் கை துடித்தது. நடு ரோட்டில் நின்றால் என்ன ஆகும் என்பது அதற்கு முன்னால் ஞாபகம் வந்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டேன். கிளட்சைப் பிடித்து, இருக்கிற வேகத்திலேயே வண்டியை மண் ஓரத்துக்கு உருளவிட்டேன். பஸ் எங்களை உரசுகிற மாதிரி போனது. அந்தக் காற்றில் அப்பாவின் வேட்டி படபடவென்று அடித்துக்கொண்டது. வண்டி நின்றது.

பிறகு அப்பா இறங்கினார். "கையில என்ன அது?"

பார்த்தேன். முழுசாகக் கழன்று என் உள்ளங்கையில் இருந்தது.

"கிரிப்புங்கப்பா."

"அது அங்கல்லோ இருக்கோணும்?"

அவரிடமே அதைக் கொடுத்தேன். வாங்கி, கோயில் பிரசாதம் மாதிரி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் எந்த வண்டியின் சைடு பாக்ஸைத் திறந்தாலும் துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் இருக்கும். எடுத்துக் குழாயை நன்றாகத் துடைத்தேன். அந்தக் கட்டிங் வேஸ்டில் ரிப் துணி ஒன்று நீளமாகக் கிடைத்தது. டி-ஷர்ட் கழுத்துக்கு வைப்போமே, இழுத்தால் நீண்டு தானே சுருங்கிக்கொள்ளும் துணி, அது. குழாயைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டி, முடிச்சுப் போட்டேன். திருகிப் பார்த்தேன். இன்ஜின் உறுமியது.

"உக்காருங்கப்பா. போலாம்."

அப்பா ரோட்டைப் பார்த்தார். ரிப் சுற்றிய குழாயைப் பார்த்தார். "நீ வா கண்ணு. நான் பஸ்ல போயிக்கறேன்."

"பயந்துட்டீங்களாப்பா?"

"ஆமா."

அப்பா எதையும் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். படிக்கட்டில் ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் கிரிப்.

டெஸ்டில் ஃபெயில். வண்டி வெள்ளகோவிலுக்கு. நான் பஸ் மாறி பஸ்ஸுக்கு. இல்லையென்றால் வேறு வேலைக்கு.

வண்டியைத் திருப்பியிருக்கலாம். ஆனால் பல்லடம் வரைக்கும் என்றுதானே பேச்சு? பாதியில் விட மனசு வரவில்லை. தனியாக மேட்டில் ஏறினேன். பல்லடம் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. நூல் சிக்கக் கூடாது, துணி மாட்டக் கூடாது, எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும்... இதுதானே எங்களுக்குத் தெரிந்த தொழில்? உரசல் என்றாலே எங்களுக்கு எதிரி. உரசலை மட்டுமே நம்பி ஒரு பொருள் ஓர் இடத்தில் நிற்கும் என்பது எங்களுக்கு மறந்தே போய்விடுகிறது. சிலிகான் காயாது. அதன் வேலையே காயாமல் இருப்பதுதான். அது அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

வீட்டு வாசலில் வெள்ளகோவில் மாமாவின் செருப்பு கிடந்தது. உள்ளே பேச்சுச் சத்தம். படியிலேயே நின்றுவிட்டேன்.

"வண்டி குடுக்கறதில்லீங்க மாப்ள" என்றார் அப்பா. "புள்ளைக்கு வேலைக்குப் போக வேணும்."

"அந்த ரோட்டுல புள்ள ஓட்டிருமாங்க மச்சா?"

"ஓட்டிருச்சுங்க. நாந்தான் எறங்கிட்டேன்."

அதற்குமேல் விளக்கம் இல்லை. சாப்பிடும்போதுதான் நானே கேட்டேன். பயம் வந்தால் வண்டி மாமாவுக்கு என்றுதானே சொன்னீர்கள்?

"பயம் எனக்கு வந்துச்சு. வண்டி ஓரம் போயி நிக்கற வரைக்கும் உனக்கு வந்தாப்பல தெரியலையே" என்றார். கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டு மேலும் சொன்னார்: "பொறத்தால உக்காந்தாத்தான் பயம். ஊட்டுல உக்காந்திருந்தா அவ்வளவாத் தெரியாது. நீயே ஓட்டிக்க. என்னை மட்டும் கூப்பிடாத."

அம்மா வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "கழுத்துக்கு வெக்கற துணியக் கொண்டுபோயி வண்டிக்குச் சுத்தியிருக்கா" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை யூனிட்டில் இரண்டு பக்கமும் சோப்புப் போட்டுச் சிலிகானைக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவிட்டு, இந்தத் தடவை வெறும் காற்றை மட்டும் விட்டுக்கொண்டே கிரிப்பைத் தள்ளினேன். மிதந்துகொண்டு உள்ளே போனது. விசையை விட்டதும் கப்பென்று பிடித்துக்கொண்டது. பேச்சியம்மாள் அக்கா தன் பலம் முழுவதையும் போட்டுத் திருகிப் பார்த்துவிட்டு, "இனி இது ஒங்கூடத்தாம்லா வரும்" என்றார். இந்த வாரம் முழுக்க மெயின் ரோட்டில்தான் வேலைக்குப் போய் வருகிறேன்.

வருகிற ஞாயிறு ஒரு பெரிய முயற்சி. அமராவதி நகர் வரைக்கும் போய் அணையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அம்மாவே கேட்டிருக்கிறார். பின்சீட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

அப்பாவும் வருகிறார். பஸ்ஸில்.